டாட்சன் 510-க்கு வேற என்ஜினா? மொதல்ல கியர்பாக்ஸ கழட்டுங்க

வாசகர் கேள்வி: என்கிட்ட 1971 மாடல் டாட்சன் 510 நாலு கதவு வண்டி 11 வருஷமா இருக்கு. ஒரிஜினல் எல்16 என்ஜின், 4 கியர். ஹைவேல மீட்டர் 110 காட்டும்போது என்ஜின் கத்துற கத்துல பின்னாடி இருக்கற பசங்ககிட்ட பேச முடியல. மூணாவது கியர்ல ஒரு உறுமல் இருக்கு. ஏத்தத்துல டெம்பரேச்சர் முள்ளு மேல போகுது. நண்பர் ஒருத்தர் கேஏ24டிஇ என்ஜினும் 5 ஸ்பீடு கியர்பாக்ஸும் தர்றேங்கறார், ஆனா வயரிங், ஈசியூ (என்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) எதுவும் இல்ல, ஷெட்ல தரையில கிடக்கு. இன்னொருத்தர் போட்டா வி8 போடு இல்லேன்னா சும்மா இருங்கறார். ஆட்டோமேட்டிக்கா இருந்தா நானும் ஓட்டுவேன்னு வீட்டுல சொல்றாங்க. எதைப் போடலாம்? வண்டி தாங்குமா? சனி ஞாயிறுல வீட்லயே நானே பண்ணிடலாமா? டயர் மட்டும் 175/60-13க்கு மாத்தியிருக்கேன், அலாய் வீலோட.

பதில்:

வணக்கம்ங்க. கேள்வி எல்லாம் கேட்டு முடிச்சிட்டு கடைசியா போற போக்குல ஒரு வரி டயர் பத்தி எழுதிருக்கீங்க பாருங்க, நான் அங்கேருந்துதான் ஆரம்பிக்கப் போறேன், ஏன்னா உங்க கத்தல்ல ஒரு பங்கு அதுலதான் இருக்கு.

510-க்கு வந்த பழைய 165-13 டயர் கிட்டத்தட்ட 594 மில்லிமீட்டர் உயரம். நீங்க போட்டிருக்கற 175/60-13 வெறும் 540. பாக்க வண்டி நல்லா ஒட்டி உக்காந்த மாதிரி இருக்கும், ஆனா சக்கரம் 9 சதவீதம் சின்னதாயிடுச்சு, அதே தூரத்துக்கு அத்தனை சுத்து கூட சுத்தணும். உங்க ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்லேருந்துதான் கணக்கு எடுக்குது, அதுக்கு டயர் மாறினது தெரியாது, அதனால அது 110 காட்டும்போது நீங்க உண்மையில போறது 100தான். பின்னாடி டிஃப்ரன்ஷியல் 3.70-ன்னு, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.70 சுத்து சுத்தும்னு வச்சுக்கிட்டா, நிஜமான 100ல உங்க என்ஜின் சுமார் 3630 ஆர்பிஎம் சுத்துது. பழைய சைஸ் டயர்ல அதே 100க்கு 3300தான். ஒரு ஸ்பேனரும் தொடாம 300 ஆர்பிஎம் அங்கயே கிடக்கு.

டிஃப் 3.70தானான்னு நம்பாதீங்க, இத்தனை வருஷத்துல யாராவது மாத்தியிருப்பாங்க. கியரை நியூட்ரல்ல போட்டு ஒரு பின்சக்கரத்த மட்டும் தூக்கி, இன்னொன்னு தரையில நிக்க, தூக்கின சக்கரத்த சரியா ரெண்டு சுத்து சுத்துங்க, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு அது எத்தனை சுத்து வருதுன்னு எண்ணுங்க. மூணே முக்காலுக்கு ஒரு நூல் கம்மியா வந்தா 3.70. நாலுக்கு கொஞ்சம் கம்மின்னா 3.9. வண்டி உருளாம முன்சக்கரத்துக்கு கட்டை வச்சுட்டு பண்ணுங்க, ஹேண்ட்பிரேக் இழுத்தா சக்கரம் சுத்தாது.

அடுத்து அந்த மூணாவது கியர் உறுமல். இத ஏன் இவ்ளோ சாதாரணமா எழுதிருக்கீங்கன்னு தெரியல, எனக்கு உங்க கடிதத்துலயே முக்கியமான வரி அதுதான். இந்த 4 ஸ்பீடு பாக்ஸ்ல நாலாவது கியர் நேரடி கியர், அதாவது உள்ள வர்ற ஷாஃப்டும் வெளிய போற ஷாஃப்டும் பூட்டிக்கிட்டு ஒண்ணா சுத்தும், கீழ இருக்கற கவுண்டர் ஷாஃப்ட் மேல பாரம் ஏறாது. 1, 2, 3 எல்லாத்துலயும் உறுமி நாலுல அடங்கிடுச்சுன்னா கவுண்டர் ஷாஃப்ட் பேரிங் போயிருக்கு. மூணுல மட்டும் உறுமினா மூணாவது கியர் பல்லு தேஞ்சிருக்கு. நாலுலயும் இருந்தா மெயின் பேரிங். நியூட்ரல்ல நிக்கும்போது சத்தம் வந்து, கிளட்ச் மிதிச்சதும் நின்னா இன்புட் ஷாஃப்ட் பக்கம். எப்படிப் பாத்தாலும் உங்க கியர்பாக்ஸ் இறங்கத்தான் போகுது. எறக்கிட்டு அதே 4 ஸ்பீடுக்கு பேரிங் போட்டு ஏத்தறதா, இல்ல வேற பாக்ஸா, இதுதான் இப்ப உங்க முன்னாடி இருக்கற நிஜமான கேள்வி. என்ஜின் கேள்வி அப்புறம்.

நான் சொல்றது என்னன்னா, என்ஜின தொடாதீங்க, இப்போதைக்கு. 5 ஸ்பீடு மட்டும் போடுங்க. நிசான்லயே எல் சீரிஸ் என்ஜினுக்கு வந்த ஒரு 5 ஸ்பீடு பாக்ஸ் இருக்கு, 1970கள் கடைசில வந்த 200எஸ்எக்ஸ், 280இசட்எக்ஸ் வண்டியிலெல்லாம் வரும், அது உங்க எல்16 பிளாக்ல அப்படியே போல்ட் ஆகும், அடாப்டர் பிளேட் கிடையாது, வெல்டிங் வேலையும் கொஞ்சம்தான். 510 வச்சிருக்கறவங்க ரொம்ப வருஷமா பண்ற வேலை இது, புதுசு ஒண்ணும் இல்ல. பாக்ஸ் நீளம் வண்டிக்கு வண்டி மாறும், கியர் லிவர் வெளிய வர்ற இடமும் மாறும், அதனால வாங்கறதுக்கு முன்னாடி உங்க பழைய பாக்ஸ்ல பெல் ஹவுசிங் (என்ஜினோட சேர்ற மணி மாதிரி முன்பாகம்) முகத்துலேருந்து லிவர் வரைக்கும், லிவர்லேருந்து பின்னாடி மவுண்ட் வரைக்கும் டேப் வச்சு அளந்து எழுதிக்கிட்டுப் போங்க, நீளமான இசட் கார் பாக்ஸ விட 200எஸ்எக்ஸ் பாக்ஸ்தான் 510 ஓட்டைக்கு ஒத்து வரும்னு பொதுவா எல்லாரும் தேடுவாங்க. பின் மவுண்ட்டுக்கு கிராஸ்மெம்பர் கொஞ்சம் நகரணும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வெட்டி சரியான நீளத்துக்கு செஞ்சு பேலன்ஸ் பண்ணணும். அவ்ளோதான்.

ஒரே ஒரு பொறி இருக்கு அதுல, எல் சீரிஸ் வேலைல நெறைய பேர் விழற பொறி. கிளட்ச் ரிலீஸ் பேரிங் உக்கார்ற காலர் ஒவ்வொரு பிரஷர் பிளேட்டுக்கும் (கிளட்ச் தட்ட அமுக்கிப் பிடிக்கற பாகம்) ஒவ்வொரு உயரத்துல வரும். பாக்ஸோட வந்த காலர அப்படியே வச்சிட்டு உங்க பழைய பிரஷர் பிளேட்ட போட்டீங்கன்னா, ஒண்ணு கிளட்ச் விடவே விடாது இல்ல எப்பவும் அரைகுறையா வழுக்கிட்டே இருக்கும், நீங்க மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், ஏர் பிளீடிங்னு ஒரு மாசம் அலைவீங்க. காலர் பிரஷர் பிளேட்டோட சொந்தக்காரன், கியர்பாக்ஸோட இல்ல. பிளேட்டு எந்த வண்டியோ காலரும் அந்த வண்டி.

இப்ப கணக்குக்கு வாங்க. அந்த பாக்ஸ்ல ஐஞ்சாவது கியர் 0.86-ன்னு வச்சா, டயரும் பழைய சைஸுக்கு வந்தா, நிஜமான 100ல 2840 ஆர்பிஎம். நீங்க இன்னிக்கு ஓட்டறது 3630. 800 ஆர்பிஎம் குறையுது, அதுவும் அதே எல்16 வச்சிக்கிட்டு. பசங்க பேசறது கேக்கும், அதுக்கப்புறம் அது நல்லதா கெட்டதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

சூடு ஏறுறது தனி வியாதி, அதுக்கும் இப்பவே மருந்து பாருங்க, என்ஜின் மாத்தினா சரியாயிடும்னு நினைக்காதீங்க. நீங்க எரிக்கற பெட்ரோல்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு சூடாத்தான் ரேடியேட்டருக்கு வருது, பெரிய என்ஜின் வந்து நீங்க அத மிதிச்சா சூடு இன்னும் ஜாஸ்தி வரும், அதே அடைச்ச ரேடியேட்டருக்கு. ரேடியேட்டர் கோர் பாதி அடைஞ்சிருக்கா, ஃபேனுக்கு சுத்தி கூண்டு இருக்கா இல்ல எவனாவது கழட்டி எறிஞ்சிட்டானா, இக்னிஷன் டைமிங் லேட்டா கிடக்கா, டிஸ்ட்ரிபியூட்டர்ல வேக்யூம் அட்வான்ஸ் டயஃப்ரம் கிழிஞ்சிருக்கா, கார்புரேட்டர் பெட்ரோல் கம்மியா குடுக்குதா, இத பாருங்க. டைமிங் லேட்டா இருந்தா என்ஜின் பலமும் இல்லாம சூடும் ஆகும், பலம் இல்லேன்னு நீங்க என்ஜின் மாத்தறீங்க. இந்த மாதிரி என்ஜின் மாத்த வந்த வண்டிங்கள ட்யூனப் பண்ணி திருப்பி அனுப்பியிருக்கேன், எனக்கு வருமானம் போச்சுன்னு என் பார்ட்னர் ரெண்டு நாள் பேசல.

இவ்ளோ பண்ணியும் ஏத்தத்துல இழுக்கல, இன்னும் வேணும்னு தோணுச்சுன்னா, உடனே கேஏ24க்கு தாவாதீங்க, நடுவுல ஒரு படி இருக்கு. எல்20பி. உங்க எல்16 1595 சிசி, எல்20பி 1952 சிசி, ஒரே குடும்பம். என்ஜின் மவுண்ட், பெல் ஹவுசிங் எல்லாம் ஒத்துக்கும், நீங்க இப்ப போடப்போற 5 ஸ்பீடு அதுலயும் அப்படியே உக்காரும், அதாவது இன்னிக்கு செலவு பண்றது நாளைக்கு வீணாகாது. பிளாக் மட்டும் ஒரு ரெண்டு சென்டிமீட்டர் உயரம் ஜாஸ்தி, அதனால எக்ஸாஸ்ட் முன்பைப்பு கொஞ்சம் தொடணும், ஏர் கிளீனர் பானெட்ல இடிக்குதான்னு பாக்கணும். கார்புரேட்டர், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப், அதே வயரிங். பானெட்ட தொறந்தா பழைய வண்டி மாதிரியே இருக்கும். என்னை கேட்டா குடும்பத்தோட ஓட்டற 510க்கு இதுதான் பொருத்தம், ஆனா இது பேசறதுக்கு சுவாரஸ்யமா இருக்காது, அதனால யாரும் சொல்ல மாட்டாங்க.

சரி, கேஏ24டிஇ. மனசு அதுலதான் இருக்குன்னு தெரியுது. நல்ல என்ஜின், அதுல சந்தேகமே இல்ல, 2389 சிசி, ரெண்டு கேம், 16 வால்வு, 155 குதிரை, கீழ ஆர்பிஎம்லயே இழுக்கும், டைமிங் பெல்ட் கிடையாது செயின். உங்க எல்16க்கு 96 குதிரைன்னு பழைய பேப்பர்ல போட்டிருக்கும், அது ஃபேன், சைலன்சர் எல்லாம் கழட்டி வச்சிட்டு அளந்த காலத்து கணக்கு, வண்டிக்குள்ள இருக்கும்போது அவ்ளோ வராது. அதனால வித்தியாசம் பேப்பர்ல தெரியறத விட பெருசு. எஸ்ஆர்20டிஇடி-ன்னு டர்போ என்ஜின் ஆளுங்களும் வருவாங்க, அது வேற ஆட்டம், இன்டர்கூலர், பைப்பு, சூடு, உங்க தேவைக்கு சம்பந்தம் இல்ல.

ஆனா உங்க நண்பர் ஷெட்ல தரையில கிடக்கறது எந்த வண்டி என்ஜின்? இத கேட்டீங்களா? அதே கேஏ24டிஇ பேர்ல 240எஸ்எக்ஸ்ல வந்தது நீளவாக்குல நிக்கற, பின்சக்கரத்த ஓட்டற என்ஜின். ஆல்டிமாவுல வந்தது குறுக்கா நிக்கற, முன்சக்கர டிரைவ் என்ஜின். பேர் ஒண்ணு, சிசி ஒண்ணு, ஆனா ஆயில் பேன், மவுண்ட் வர்ற இடம், மேனிஃபோல்டு இதெல்லாம் வேற. கியர்பாக்ஸும் கூட கிடக்குதுன்னு சொல்றீங்க, அது நீளமா வால் மாதிரி பின்னாடி போகுதா, இல்ல குண்டா பக்கத்துல ரெண்டு ஆக்ஸில் ஓட்டையோட இருக்கான்னு ஒரு தடவ போய் பாத்தா தெரிஞ்சிடும். ரெண்டாவது மாதிரின்னா டீ குடிச்சிட்டு வந்துடுங்க.

முதல் மாதிரியாவே இருந்தாலும் வயரிங்கும் ஈசியூவும் இல்லாத என்ஜின் எனக்குப் பிடிக்காது, சும்மா குடுத்தாலும். என்ஜின் ஓடுமா ஓடாதான்னு உங்களுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, "நல்லா ஓடிட்டு இருந்துச்சு"ங்கற வார்த்தை மட்டும்தான் இருக்கு. நான் என் கிட்ட வர்றவங்களுக்கு சொல்றது முழு வண்டியா வாங்குங்க, பின்னாடி இடிபட்ட வண்டியா பாத்து. முழு வண்டின்னா என்ஜின அங்கயே ஸ்டார்ட் பண்ணி சூடாகற வரைக்கும் ஓட்டி, கம்ப்ரஷன் பாத்து, முடிஞ்சா லீக் டவுன் டெஸ்ட்டும் பாத்து, கியர் எல்லாம் விழுதான்னு பாத்துட்டு எறக்கலாம். கூடவே ஒவ்வொரு சென்சாரும், ஒவ்வொரு பிளக்கும், ரிலே பாக்ஸும், எக்ஸாஸ்ட்ல ஆக்சிஜன் சென்சாரும், மாஸ் ஏர்ஃப்ளோ மீட்டரும், ஆக்ஸிலரேட்டர் கேபிள் பிடிக்கற அந்த சின்ன தகடு வரைக்கும் வந்துடும். அந்த தகட தேடி ஒருத்தர் ஒன்றரை மாசம் அலைஞ்சாரு, விளையாட்டுக்கு சொல்லல. இன்னும் புது என்ஜின்னா சாவி, இம்மொபிலைசர், எலக்ட்ரானிக் ஆக்ஸிலரேட்டர் பெடல் எல்லாமே அதே வண்டியோடது வேணும், இல்லேன்னா ஈசியூ பேசவே பேசாது.

என்ஜின் வெளிய இருக்கும்போதே ரியர் மெயின் சீல், வாட்டர் பம்ப், கிளட்ச், பைலட் புஷ் மாத்திடுங்க. கேஏ24டிஇ-ல மேல் செயின் கைடு தேஞ்சு கடகடன்னு சத்தம் வர்றது தெரிஞ்ச விஷயம், அதையும் கழட்டிப் பாத்துக்கங்க.

வண்டிக்குள்ள வைக்கறதுல எல்லாரும் பண்ற தப்பு என்ஜின மொதல்ல வச்சு மவுண்ட்ட வெல்ட் பண்ணிடறது. அப்புறம் கியர் லிவர் சீட்டுக்கு அடியில வரும். மொதல்ல லிவர் எங்க வரணும்னு முடிவு பண்ணுங்க, பாக்ஸ அங்க நிறுத்துங்க, அதுக்கு முன்னாடி என்ஜின் எங்க விழுதோ விழட்டும், அப்ப ஃபயர்வால், ஸ்டீயரிங் ஷாஃப்ட், பிரேக் மாஸ்டர், பானெட் எல்லாம் இடம் இருக்கான்னு பாருங்க. கேஏ உயரமான என்ஜின், 510 பானெட் தாழ்ந்தது. கீழ எறக்கினா ஆயில் பேன் கிராஸ்மெம்பர்லயோ ஸ்டீயரிங் லிங்க்லயோ மோதும். பேன வெட்டி தைக்கலாம், ஆனா உள்ள ஆயில் உறிஞ்சற பிக்கப்பும் கூடவே மாறணும், பிக்கப் வாய்க்கும் பேன் அடிக்கும் 6லேருந்து 10 மில்லிமீட்டர் இடைவெளி வேணும். ஒட்டிக்கிட்டா ஆயில் ஏறாது, தூரமா இருந்தா வளைவுல திரும்பும்போது காத்த உறிஞ்சும், பேரிங் போயிடும். கொஞ்சம் களிமண்ண பேன் அடியில உருட்டி வச்சு பேன மாட்டி கழட்டுனா அமுங்கின உயரம் அப்படியே தெரியும், அளந்துக்கங்க, அப்புறம் களிமண்ண மறக்காம எடுங்க. இந்த மாத்தலுக்குன்னே ரெடிமேட் மவுண்ட் கிட் விப்பாங்க, வாங்கலாம், ஆனா அளக்காம வெல்டிங் மெஷின ஆன் பண்ணாதீங்க.

அடுத்தது ஷாஃப்ட் கோணம். கியர்பாக்ஸ் வாலும் டிஃப் மூக்கும் பக்கவாட்டுலேருந்து பாத்தா ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும், ஒரு டிகிரிக்குள்ள. ரெண்டு யுனிவர்சல் ஜாயிண்ட்லயும் கோணம் சமமா இருந்தாத்தான் ஒண்ணு உண்டாக்கற குலுக்கல இன்னொண்ணு தின்னும். மூணு டிகிரிக்கு மேல போக வேணாம், அதே சமயம் சுத்தமா பூஜ்யமும் ஆகாது, ஊசி பேரிங் அசையாம ஒரே இடத்துல நின்னு குழி விழுந்துடும். உங்களுது செடான், பின்னாடி இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், டிஃப் பாடியோட நிலையா நிக்குது, அதனால சஸ்பென்ஷன் ஏறி இறங்கினாலும் இந்த கோணம் மாறாது, ஒரு தடவ சரியா வச்சா போதும். இந்த விஷயத்துல 510 ஸ்டேஷன் வேகன் வச்சிருக்கறவங்கள விட உங்களுக்கு வேலை சுலபம்.

பெட்ரோல் பக்கம். இப்ப உங்க கேம்ஷாஃப்ட்ல ஓடற மெக்கானிக்கல் பம்ப் கால் பார் பிரஷர் குடுக்குது, கார்புரேட்டருக்கு அது போதும். இன்ஜெக்ஷனுக்கு 3 பார் வேணும், பன்னிரண்டு மடங்கு. பழைய ரப்பர் ஹோஸும் சுத்துற கிளாம்ப்பும் அத தாங்காது, சூடான எக்ஸாஸ்ட் மேல பீச்சும். இன்ஜெக்ஷனுக்குன்னு பிரஷர் போட்டு விக்கற ஹோஸ், அதுக்கான கிளாம்ப், ஹை பிரஷர் பம்ப், டேங்க்குக்கு ரிட்டர்ன் லைன். 510 டேங்க்ல பெட்ரோல் கம்மியா இருக்கும்போது திரும்பினா பம்ப் காத்த இழுக்கும், அதனால நடுவுல ஒரு சின்ன சர்ஜ் டேங்க் வைங்க. ஆக்ஸிடென்ட் ஆனா பம்ப் நிக்கற மாதிரி கட் ஆஃப் ஸ்விட்ச் ஒண்ணு கண்டிப்பா. இதுல காசு மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீங்க, பின்னாடி பசங்க உக்கார்றாங்க.

கிரவுண்ட் ஒயரு. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. பல வருஷம் முன்னாடி ஒரு மாத்தல் வேலை முடிச்சு, சாவி போட்டா ஸ்டார்ட்டர் சோம்பலா சுத்துது, ரெண்டாவது தடவ சுத்தும்போது டேஷ்போர்டுக்கு அடியில புகை. பாத்தா சோக் கேபிள் செவந்து கிடக்கு. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற பெரிய கிரவுண்ட் பட்டைய நான் மாட்டவே இல்ல, ரப்பர் மவுண்ட் மேல என்ஜின் தனியா நிக்குது, ஸ்டார்ட்டர் இழுக்கற இருநூறு ஆம்பியரும் வேற வழி இல்லாம அந்த மெல்லிசு கேபிள் வழியா போயிருக்கு. அன்னிலேருந்து நான் ரெண்டு பட்டை போடறேன். ஈசியூ என்ஜினுக்கு இது இன்னும் முக்கியம், கிரவுண்ட் சரியில்லேன்னா சென்சார் எல்லாம் பொய் சொல்லும், நீங்க ஒவ்வொண்ணா மாத்திட்டே இருப்பீங்க.

தாங்குமான்னு கேட்டீங்க. பாடி தாங்கும், துரு இல்லேன்னா. முன் ஃப்ரேம் ரெயில், கிராஸ்மெம்பர் பிடிக்கற இடம், ஸ்ட்ரட் டவர் இந்த மூணையும் சுத்தியலால தட்டிப் பாருங்க. பாடிய விட பின்னாடிதான் கவலை. எல்16 முறுக்குவிசை சுமார் 135 நியூட்டன் மீட்டர், கேஏ24டிஇ சுமார் 217. முதல் கியர் 3.3, டிஃப் 3.7ன்னு பெருக்கினா ரெண்டு ஹாஃப் ஷாஃப்ட்டுக்கும் சேத்து போறது 1650லேருந்து 2650 ஆகுது. உங்க ஆர்160 டிஃப் பதமா ஓட்டினா கொஞ்ச காலம் பொறுத்துக்கும், சிக்னல்ல கிளட்ச்ச டப்புனு விட்டீங்கன்னா பொறுக்காது, அதனாலதான் இந்த மாத்தல் பண்றவங்க ஆர்180 டிஃப்புக்கு போறாங்க. பிரேக்கும் அப்படித்தான். 100ல போற வண்டி 140ல போனா நிறுத்த வேண்டிய சக்தி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, பழைய முன் டிஸ்க்கும் பின் டிரம்மும் ஒரு தடவ நிறுத்தும், ரெண்டாவது தடவ யோசிக்கும். என்ஜின் மாத்தறதுக்கு முன்னாடி பிரேக்க சரி பண்ணுங்க.

வி8 நண்பருக்கு ஒரு வார்த்தை. வி8னாலே கனம்னு சொல்ல மாட்டேன், எம்ஜி கம்பெனியே 1973லேருந்து 1976 வரைக்கும் அவங்க எம்ஜிபி ஜிடி-ல ரோவரோட 3528 சிசி அலுமினிய வி8 போட்டு வித்தாங்க, அது அவங்களோட பழைய வார்ப்பிரும்பு நாலு சிலிண்டர விட கொஞ்சம் லேசு. அழகான வேலை. ஆனா உங்க 510 ஒரு டன்னுக்கும் கம்மி, ஸ்டீயரிங் பாக்ஸ் ஒரு பக்கம், எக்ஸாஸ்ட் ரெண்டு பக்கம், டன்னல் வெட்டணும், டிஃப் மாறணும், பிரேக் மாறணும். அது அவர் வண்டில பண்ணட்டும்.

அடாப்டர் பிளேட் போட்டு வேற கம்பெனி என்ஜின் கோக்கறதும் அப்படித்தான், முடியும், ஆனா பெல் ஹவுசிங் ஓட்டையும் கிராங்க் நடுவும் ஒரே கோட்டுல வரணும், டயல் கேஜ் வச்சு சுத்தினா முள்ளு மொத்தமா 0.13 மில்லிமீட்டருக்கு மேல ஆடக்கூடாது. ஆடினா இன்புட் பேரிங்க தின்னும், கியர் தானா கழண்டு வரும். ஹோண்டாவோட பழைய பி சீரிஸ் என்ஜின் மத்ததுக்கு எதிர்ப்பக்கம் சுத்தும், அத சாதாரண பின்சக்கர பாக்ஸ்ல கோத்தா உங்களுக்கு நாலஞ்சு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும் கிடைக்கும்.

வீட்டுல ஆட்டோமேட்டிக் கேக்கறாங்க, நியாயம்தான். கேஏவோட ஆட்டோமேட்டிக்கும் வந்திருக்கு, ஆனா பாக்ஸ் பெருசு, டன்னல் தட்டணும், கன்ட்ரோலர் வயரிங் வேணும், தனி ஆயில் கூலர் வேணும், அது இல்லாம ஓட்டினா ஆயில் வெந்து பாக்ஸ் போயிடும். போட்டீங்கன்னா ஒரு விஷயம், டார்க் கன்வெர்ட்டர பம்ப்புக்குள்ள சுத்திச் சுத்தி முழுசா உள்ள உக்கார வைக்கணும், பெல் ஹவுசிங்க என்ஜின் முகத்தோட சேத்தப்புறமும் கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவுல 3லேருந்து 5 மில்லிமீட்டர் இடம் இருக்கணும், கன்வெர்ட்டர் கையால சுத்தணும். இடமே இல்லாம போல்ட்ட முறுக்கி இழுத்து சேத்தா பம்ப் உடையும். நான் உடைச்சிருக்கேன், மொத்தத்தையும் திரும்ப எறக்கினேன். என் கருத்து, மொதல்ல 5 ஸ்பீடு போட்டு, புது கிளட்ச் போட்டு அவங்கள ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லுங்க. பாதி பேருக்கு வெறுப்பு மேனுவல் மேல இல்ல, தேஞ்ச கிளட்ச் மேல.

வீட்ல பண்ணலாமா? 5 ஸ்பீடு மாத்தறது தாராளமா பண்ணலாம், நல்ல ஜாக் ஸ்டாண்ட் நாலு, கியர்பாக்ஸ் ஜாக், கூட ஒரு ஆள், ஷாஃப்ட் மட்டும் வெளிய குடுங்க, ரெண்டு மூணு வாரக்கடைசில ஓடும். எல்20பி-யும் அப்படித்தான். கேஏ24டிஇ-க்கு சனி ஞாயிறுன்னு கணக்கு போடாதீங்க, என்ஜின் உள்ள உக்கார்ற அன்னிக்கு எல்லாரும் போட்டோ போடுவாங்க, பாதி முடிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா அன்னிக்குதான் வயரிங்கே ஆரம்பிக்குது. வருஷக்கணக்குல ஸ்டாண்ட் மேல நிக்கற வண்டிங்க எல்லாம் அந்த போட்டோவுக்கு அப்புறம் நின்னதுதான். அதோட இதுக்கு பதிவு, புகைச் சோதனை, இன்ஷூரன்ஸ் மூணும் நாட்டுக்கு நாடு மாறும், என்ஜின் நம்பர் மாறினா எழுதிக் குடுக்கணுமா, எந்த வருஷத்து புகை அளவு பொருந்தும்னு வண்டிய பிரிக்கறதுக்கு முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க.

இந்த வாரம் ஒண்ணு பண்ணுங்க. வண்டிய பத்து நிமிஷம் ஓட்டி சூடா இருக்கும்போதே கியர்பாக்ஸ் ஆயில சுத்தமான தட்டுல வடிங்க, வடிக்கறதுக்கு முன்னாடி ஃபில்லர் பிளக் தொறக்குதான்னு பாத்துக்கங்க. ஆயில ஒரு காந்தத்தால துழாவுங்க. மாவு மாதிரி கருப்பா ஒட்டினா அது தேய்மானம், பரவால்ல, பழைய டயர மாட்டிட்டு 5 ஸ்பீடு கிடைக்கற வரைக்கும் மெதுவா ஓட்டலாம். சில்லு சில்லா, நகம் மாதிரி துண்டு வந்தா வண்டிய எடுக்காதீங்க. தட்டோட போட்டோ எடுத்து அனுப்புங்க, கூடவே அந்த ஷெட்ல கிடக்கற கியர்பாக்ஸ் போட்டோவும், பக்கவாட்டுலேருந்து ஒண்ணு.